இரண்டரை அடிப் படுக்கை

2005 செப்டம்பர் 6, செவ்வாய்

ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கடைக்குள் இருட்டிவிட்டது. மழையா என்று நிமிர்ந்தால், வாசலை அடைத்துக்கொண்டு ஒரு மினி லாரி. அது நிறைய வெள்ளைப் பலகை. தெர்மாகோல்! பாண்டியில் ஏதோ பழைய ஐஸ் கிடங்கைப் பிரித்துக் கழித்துப் போட்டார்களாம். என் வீட்டுக்காரர் கண்ணில் பட்டுவிட்டது. விடுவாரா?

ஒவ்வொன்றும் கதவு அகலம், நாலு விரல் கனம். ஒத்தாசை செய்யலாமே என்று மூச்சைப் பிடித்து ஒன்றைத் தூக்கினேன். எடையே இல்லாமல் எகிறி வந்து நெற்றியில் அடித்தது. என் கடையில் கொக்கி கட்டுகிற வசந்தா வேலையை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

எதற்கு இது என்று கேட்டேன். கேரவன் கட்டப் போகிறாராம்.

கேரவன் என்றால் சக்கரம் வைத்த வீடு. சவூதியில், தம்மாமில் குளிர்காலம் வந்தால் வசதியுள்ள அரபிகள் குடும்பத்தோடு பாலைவனத்துக்குப் போய் அதில் தங்குவார்களாம். இவர் அங்கே பார்ப்பது ஏசி வேலை. தெருவில் எல்லாரும் பஷீர் பாய்க்கு ஜில்லென்று வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குளிர்ந்த காற்று போகிற தகரக் குழாய்க்கு மேலே நுரைப்பலகை ஒட்டி, அதன்மேல் துணி சுற்றி, பசை பூசுகிற வேலை. அதுவும் மொட்டை மாடி வெயிலில். குழாய்க்குள் போகிற காற்றுக்குத்தான் குளிர்ச்சி, இவருக்கு இல்லை. பதினெட்டு வருஷமாக அதே பலகை, அதே துணி, அதே பசை.

இப்போது அந்த மூன்றையும் வைத்தே ஒரு வீடு. மரம் கிடையாது, தகரம் கிடையாது. நம் ஊர் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே பொடிப்பொடியாக உதிர்கிறது, இதற்கு ஒன்றும் ஆகாது என்கிறார். நம் பழைய ஸ்கூட்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நாகூர் வரைக்கும் போகலாமாம். வழியில் எங்கே கடல் பிடித்திருக்கிறதோ அங்கே நிறுத்தித் தூங்கலாமாம்.

போகலாம் என்றார். யார் யார் என்று சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 10, சனி

லீவில் வந்த மனுஷனைத் தெருவில் யார் பார்த்தாலும் இரண்டு கேள்வி. எப்போ வந்தீங்க, எப்போ பயணம்? நடுவில் மூச்சு விடுவதுகூட இல்லை. வந்து இறங்கிய அன்றைக்கே, காரிலிருந்து பெட்டியை எடுக்கும்போதே கேட்டார்கள்.

நான் இரண்டாவது கேள்வியைக் கேட்டதே இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அது எனக்கு ஒரு வைராக்கியம். தேதி தானாகத் தெரியும், பெட்டி தானாக நிறையும், கார் வந்து நிற்கும். இந்தத் தடவை ஆறு மாச லீவு. பிப்ரவரி இருபதுக்குள் திரும்பப் போய்ச் சேராவிட்டால் விசா செத்துப்போகும். போவாரா? கம்பெனி வரச் சொல்கிறது. இவர் ‘பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு தெர்மாகோலை அறுத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இவர் போகக் கூடாது. எழுதிவிட்டேன். நாற்பது வயது தாண்டிய பெண்பிள்ளை நான். லீவையெல்லாம் கூட்டினால் நாங்கள் சேர்ந்து இருந்தது மூன்று வருஷம் தேறாது. மகள் அமீனா பாண்டியில் ஹாஸ்டலில் இருந்து காலேஜ் படிக்கிறாள். வீட்டில் நானும் தையல் மிஷினும்தான்.

ஆனால் எப்படிக் கேட்பது? எப்போ பயணம் என்றால் அனுப்பப் பார்க்கிறாள் என்று நினைப்பார். போகாதீங்க என்றால் கட்டிப்போடுகிறாள் என்று நினைப்பார். அதனால் தெர்மாகோலைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு விசா தேவையில்லை.

செப்டம்பர் 25, ஞாயிறு

பக்கத்துக் காலி மனையில் பட்டறை போட்டாகிவிட்டது. இன்று முதல் சுவர்.

பலகைமேல் காடாத் துணியை விரித்து, பசையைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, தேய்த்துத் தேய்த்து ஒட்டினார். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும் என்றார். காடாவைத் தண்ணியில் நனைச்சுக் காயவெச்சு அப்புறம் ஒட்டுங்க, இல்லாட்டி சுருங்கும் என்றேன். அங்கே யாரும் நனைப்பதில்லையாம். அங்கே மழையும்தான் இல்லை என்று சொல்ல வந்து, சொல்லாமல் உள்ளே போய்விட்டேன்.

அவர் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், துணி சுருங்கி, பலகை இரண்டு பக்கமும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. வசந்தா போய் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். “கட்டில் கட்டுறீங்களா, தொட்டில் கட்டுறீங்களா பாய்?” என்றாள்.

இரவு என்னிடம் வந்து, மீதித் துணியை நனைத்துத் தருகிறாயா என்று கேட்டார். இவ்வளவு பவ்யமாக இவர் என்னிடம் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 14, வெள்ளி

நோன்பு பத்து ஆகிறது. வேலை நடக்கிறது, ஆனால் நாக்கு வறண்டு, சுவருக்குச் சுவர் உட்கார்ந்து எழுந்து.

நேற்று நோன்பு திறக்கிற நேரம். பள்ளிவாசலிலிருந்து வாங்கி வந்த கஞ்சிப் பாத்திரத்தைப் பசை வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். பாங்கு சொன்னதும் வடையை எடுத்தார், பசையில் தோய்த்தார், வாய் வரைக்கும் கொண்டுபோனார். நான் கத்தினேன். இரண்டும் ஒரே நிறம், ஒரே பதம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வடையை அங்கேயே பலகைமேல் வைத்தார். காலையில் பார்த்தால் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பசை நல்ல பசை என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

நவம்பர் 9, புதன்

பெருநாள் போனது. அமீனா வந்தாள், போனாள். மழை விட்ட மாதிரி இல்லை. உப்பளம் எல்லாம் ஒரே தண்ணீர்க்காடு. குவித்த உப்பைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டு ஆளெல்லாம் வீட்டில் இருக்கிறார்கள். வேலையில்லாதவர்களுக்கு எங்கள் மனைதான் சினிமாக் கொட்டகை.

சுவர் நாலும் கூரையும் நிற்கிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய வெள்ளை டப்பா. தெருவே அதை டப்பா என்றுதான் சொல்கிறது, நானும்தான். இவர் மட்டும் கேரவன், கேரவன்.

காலையில் குப்பத்திலிருந்து ஒரு அம்மா நனைந்துகொண்டே வந்தார்கள். முந்தானையில் ரேஷன் கார்டு. சுனாமியில் வீடு போனவர்களுக்குக் கவர்மென்ட் கொடுக்கப்போகிற வீட்டுக்கு மாதிரி இதுதானா, எங்கே பெயர் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். இல்லைம்மா, இது என் வீட்டுக்காரர் விளையாட்டு என்றேன். அந்த அம்மா சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். “இதுவே தேவலாமே. எங்களுக்குக் குடுத்த தார் ஷீட்டு உள்ள போனா வேகுது” என்றார்கள். இவர் கதவைத் திறந்து உள்ளே உட்கார வைத்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். மழை விடும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

இன்று பூராவும் நான் டப்பாவைக் கிண்டல் செய்யவில்லை.

நவம்பர் 20, ஞாயிறு

பக்தவச்சலம் அண்ணன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். டப்பாவுக்கு அடியில் போட மெல்லிய குழாயில் ஒரு சட்டமும், பழைய மொபெட் சக்கரம் இரண்டும் அவர் உபயம். இன்று அளவு பார்க்க வந்தவர் கையில் கிரீஸ். அந்தக் கையைச் சுவரில் வைத்துவிட்டார். பாய் பார்ப்பதற்குள் துடைத்துவிடலாம் என்று நல்ல எண்ணத்தில் ஒரு துணியைப் பெட்ரோலில் முக்கித் தேய்த்திருக்கிறார். துணி இன்னும் ஒட்டாத இடம் அது. தெர்மாகோலுக்குப் பெட்ரோல் ஆகாது. சர்க்கரையில் வெந்நீர் ஊற்றின மாதிரி கரைந்து, ஒரு தட்டு அளவுக்கு ஓட்டை.

அண்ணன் ஓட்டைக்கு அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். ஒருவர் முகத்தை ஒருவர் அதன் வழியாகவே பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் இவர், “ஜன்னல் எங்க வெக்கிறதுன்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன்” என்றார். இந்த மனுஷனுக்குக் கோபமே வராதா? வருமாயிருக்கும். எனக்குப் பார்க்கக் கிடைத்ததில்லை.

டிசம்பர் 6, செவ்வாய்

மெத்தை உறை தைக்க அளவு சொன்னார். இரண்டரைக்கு ஆறு.

எத்தனை தைக்க என்று கேட்டேன். ஒன்று போதும் என்றார்.

டிசம்பர் 7, புதன்

தைத்துவிட்டேன். ஒன்று.

டிசம்பர் 12, திங்கள்

புயல் என்று ரேடியோவில் சொன்னார்கள். காற்று பலமாக இருந்தது. டப்பா பறந்துவிடும் என்று கயிறு கட்டி நாலு பக்கமும் இழுத்து வைத்திருந்தார். பறக்கவில்லை.

அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம், உறையைப் போடுகிற சாக்கில் உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு பக்கச் சுவரோரம் படுக்கை, இரண்டரை அடி. தலைமாட்டில் ஒரு சின்ன அலமாரி. ஒரு கொக்கி. ஒரு தட்டு செருகுகிற அளவுக்கு ஒரு இடுக்கு. கண்ணாடி ஒன்று, அவர் முகத்துக்கு நேரே. நான் நின்றால் என் நெற்றி மட்டும் தெரிகிறது.

மீதி இடமெல்லாம் அடுப்புக்கும் தண்ணீர்க் கேனுக்கும்.

ஆக, நாகூருக்கு ஒரு ஆள் போகிற வண்டி. சரி. நன்றாகப் போய்வரட்டும். போகிற வழியில் அப்படியே ஏர்போர்ட் வாசலிலும் நிறுத்தித் தூங்கட்டும்.

நான் என்ன பைத்தியமா, மூன்று மாசமாகத் துணி நனைச்சுக் குடுத்துக்கிட்டு, பசை கரைச்சுக்கிட்டு, ஊருக்கெல்லாம் டீ போட்டுக்கிட்டு! என்னை ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையே. வேலைக்காரிக்குக்கூட ஒரு பாய் போட இடம் விடுவாங்களே.

இன்று இரண்டு ஜாக்கெட்டுக்குக் கையைத் தலைகீழாக வெட்டிவிட்டேன்.

டிசம்பர் 19, திங்கள்

சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு வாரமா என்னை ஒண்ணும் சொல்லலியே, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

சளி என்றேன்.

மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். மிளகு கண்ணில் தண்ணீர் வரவைத்தது. மிளகுதான்.

2006 ஜனவரி 14, சனி

இன்று பொங்கல். நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

காலையில் பக்தவச்சலம் அண்ணன் சக்கரம் மாட்டிக் கொடுத்தார். வசந்தா பொங்கல் கொண்டுவந்தாள். பக்ரீத்துக்கு வந்த அமீனா நேற்றே ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் அவள் பங்கையும் எல்லாரும் சாப்பிட்டார்கள். தெருவில் பாதி எங்கள் மனையில். இவர் ஒரு கையால் டப்பாவின் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டினார், எல்லாரும் கை தட்டினார்கள். அப்புறம் மாப்பிள்ளை மாதிரி கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு, ஏறிப் பார் என்று என்னைக் கூப்பிட்டார். ஏறினேன். படுக்கையில் உட்கார்ந்தேன். இறங்கினேன்.

எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தேன். போனதும் கேட்டேன்.

“ஏங்க, இதுல எனக்கு எங்கங்க இடம்?”

முதலில் சிரித்தார். வழக்கமான கிண்டல் என்று நினைத்துவிட்டார். எப்போதும் கிண்டலே செய்துகொண்டிருந்தால் இதுதான் கதி. அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். திரும்பி உள்ளே பார்த்தார். படுக்கையை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். கையால் சாண் போட்டு அளந்தார். சக்கரத்துமேல் உட்கார்ந்துவிட்டார்.

“படுக்கைன்னா என் கை அந்த அளவுக்குத்தான் போவுது, ஷாகிரா. உன்னை விட்டுட்டுப் போகணும்னு நினைக்கல. நாகூருன்னு நினைச்சப்பல்லாம் நீ ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்திருக்கிற மாதிரிதான் நினைச்சேன். ராத்திரி எங்க படுப்பன்னு…”

நான் நம்பினேன். அது தம்மாம் அளவு. ஒரு ரூமில் எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு கொக்கி, ஒரு தட்டு. வசதியாக இருக்கிறேன் என்றுதான் போனில் சொல்வார். வசதி இந்த அளவு என்று சொன்னதில்லை. யோசிக்காமல் கட்டியதால் அப்படியே வந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பதினெட்டு வருஷமாக விழுங்கினது எல்லாம் வந்துவிட்டது. போகாதீங்க என்றேன். பிப்ரவரி இருபதை நினைத்து நான் தூங்குவதில்லை தெரியுமா என்றேன். வைராக்கியம் எல்லாம் காற்றில் போனது.

அவர் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்.

“இங்க எனக்கு எங்க இடம் இருக்குது? வந்து அஞ்சு மாசம் ஆவுது. என் துணி இன்னும் பெட்டியிலதான் இருக்குது.”

உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் அவர் பெட்டி. ஆமாம். ஒவ்வொரு லீவிலும் அங்கேதான் இருக்கும். குனிந்து இழுப்பார், ஒரு சட்டையை எடுப்பார், மூடித் தள்ளுவார். பீரோவில் மேல் தட்டு கஸ்டமர்களின் பட்டுப் புடவை. அடுத்தது அமீனாவுடையது. அடுத்தது என்னுடையது. அடித் தட்டு லைனிங் துணி, ஃபால்ஸ், பழைய பேட்டர்ன் காகிதம். கிழிந்த காகிதத்துக்குக்கூட ஒரு தட்டு கொடுத்திருக்கிறேன்.

நானும் வேண்டுமென்று செய்யவில்லை. நானும் யோசிக்கவே இல்லை.

கட்டிலில் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன். அழுதுவிட்டுச் சிரித்தேனோ என்னவோ.

ஜனவரி 15, ஞாயிறு

ஒரு தட்டைக் காலி செய்தேன். நடுத் தட்டு, குனியாமல் எடுக்கிற உயரம். நாலு சட்டையைக் கொண்டுவந்து வைத்தார், யார் வீட்டு பீரோவிலோ வைக்கிற மாதிரி ஓரமாக. நடுவில் வையுங்க என்றேன். கொஞ்சம் நகர்த்தினார்.

மத்தியானம் வசந்தா ஒரு புடவையை எடுக்க பீரோவைத் திறந்துவிட்டு, “இன்னாக்கா, இந்த சட்டைங்க எந்தக் கஸ்டமரோடது? பேரு எழுதி ஒட்டலியே” என்று கேட்டாள்.

இருக்கிற கஸ்டமர்டி, பேர் எழுத வேண்டியதில்லை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் இருக்கிறேன் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. கேட்டதற்கு, இங்கே நான் என்ன வேலை செய்வேன், நம் ஊரில் ஏசியே நாலு வீட்டில்தான் இருக்கிறது என்றார். வேலை இல்லாத ஆம்பிளையாக என் தையல் காசில் உட்கார்ந்து சாப்பிட அவரால் முடியாது. அது எனக்கும் தெரியும். கெஞ்சி நிறுத்தினால் இருப்பார், ஆனால் உதிர்ந்துபோவார்.

ஜனவரி 18, புதன்

டப்பாவை நெடுக இரண்டாக அறுத்தார்.

பக்தவச்சலம் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். நாலு மாசம் கட்டியதை ஒரு ரம்பத்தால் அரை மணியில், ரொட்டியை வெட்டுகிற மாதிரி. இரண்டு பாதியையும் விலக்கி வைத்து நடுவில் புதுப் பலகை. ஒன்றரை அடி போதுமா என்று கேட்டார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரே இரண்டு அடி ஆக்கினார். அந்தப் பார்வைக்கு அவரிடம் தனியாகக் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

சட்டத்தையும் அகலப்படுத்த வேண்டும். இவ்வளவு அகலத்தை ஸ்கூட்டர் இழுக்காது, காற்று பிடித்துக்கொள்ளும் என்று அண்ணன் சொன்னார். இழுக்கிற வரைக்கும் போவோம் என்றார் இவர்.

காடா தீர்ந்துவிட்டது. கடையில் மூட்டை கட்டிப் போட்டிருந்த வெட்டுத் துணியை எடுத்து ஒன்றோடொன்று தைத்துக் கொடுத்தேன். ஊரில் உள்ள அத்தனை ஜாக்கெட்டும் அதில் இருக்கிறது. ஒட்டிக் காய்ந்த பிறகு பார்த்தால் வெள்ளை டப்பா நடுவில் கலர் பார்டர். வசந்தா தன் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டாள்.

பிப்ரவரி 5, ஞாயிறு

கீழ்புத்துப்பட்டு. சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். நாகூர் எங்கேயோ இருக்கிறது, அது இருக்கட்டும்.

காலையில் கிளம்பினோம். ஸ்கூட்டர் அழுதது. சைக்கிளில் போகிற ஆளெல்லாம் எங்களைத் தாண்டிப்போய், திரும்பிப் பார்த்து, கை காட்டினார்கள். திறந்த வெளி வந்ததும் கடல் காற்று அடித்து, டப்பா ஒரு பக்கச் சக்கரத்தில் நின்றது. நான் இறங்கிப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். கணவனோடு ஊர் சுற்றப் போன லட்சணம்! உப்பளத்தில் தெரிந்தவரிடம் ஒரு மூட்டை உப்பு வாங்கி உள்ளே போட்டோம். அப்புறம் ஒழுங்காக வந்தது. வந்து சேர்ந்து பார்த்தால் உப்பு கசிந்து மெத்தையில் ஒரு மூலை ஈரம். அந்த மூலையில் யார் படுப்பது என்று இப்போதே பேச்சு நடக்கிறது.

டீ குடிக்க நிறுத்திய இடத்தில் மொபெட்டில் மீன் விற்கிற மாயவன் என்பவர் நின்றார். பின்னால் தெர்மாகோல் பெட்டி, மூலையெல்லாம் உடைந்து, கயிறு போட்டுக் கட்டி, தண்ணீர் சொட்டிக்கொண்டு. எங்கள் டப்பாவைச் சுற்றி வந்தார். சுவரை நகத்தால் சுரண்டினார். உள்ளே கையை விட்டு வெளியே எடுத்தார்.

“பாய், இதே மாதிரி மேல துணி ஒட்டி எனக்கு ஒரு மீன் பெட்டி செஞ்சு தருவீங்களா? ஐஸ் சாயங்காலம் வரைக்கும் நிக்கணும்.”

இவர் டீயை அப்படியே வைத்துவிட்டார். எவ்வளவு ஐஸ், எவ்வளவு மீன், வண்டியில் எவ்வளவு அகலம் இடம் இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார். டீ ஆறி ஆடை கட்டியது. தம்மாமில் இவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. இப்படித்தான் நிற்பார் போல.

பிப்ரவரி 6, திங்கள்

வீடு வந்தாயிற்று. ஈர மூலையில் நான்தான் படுத்தேன். அவர் கையும் காலும் இரண்டரை அடியைத் தாண்டி இந்தப் பக்கம் வரவே இல்லை. தூக்கத்தில்கூடச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, யாருக்கோ இடைஞ்சல் ஆகிவிடும் என்கிற மாதிரி. விடியற்காலையில் நான்தான் பிடித்து இழுத்தேன்.

பிப்ரவரி 13, திங்கள்

மாயவன் பெட்டி முடிந்தது. காடாவை முதலிலேயே நனைத்தார். மூடிக்கு ஓரம் நான் தைத்தேன். மாயவன் காலையில் ஐஸ் போட்டுக் கொண்டுபோய், இருட்டுகிற நேரத்தில் வந்து திறந்து காட்டினார். ஐஸ் இருந்தது. கூடவே இன்னும் மூன்று மொபெட்காரர்கள் வந்திருந்தார்கள். பொம்மையார்பாளையத்து ஆள் ஒருவர் மீன் வாசனையோடு என் பட்டுப் புடவை மேஜைமேல் சாய்ந்துகொண்டு அளவு சொன்னார். சகித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 20, திங்கள்

இன்று இருபது. அவர் இரண்டு பெட்டிக்கு அடிப்பலகை ஒட்டினார். நான் மீன் குழம்பு வைத்தேன்.

பிப்ரவரி 21, செவ்வாய்

கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைக் காலி செய்து பரணில் ஏற்றினார். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

என் கத்திரிக்கோல்! பெரிய கத்திரிக்கோல், துணியைத் தவிர வேறெதையும் தொடாதது, அமீனாவையே தொடவிடாமல் வைத்திருந்தது. அதை எடுத்துப் பசை காய்ந்த காடாவையும் தெர்மாகோலையும் வெட்டியிருக்கிறார். ஒரு நாள் இல்லை, ஒரு வாரமாக. பட்டுத் துணியில் வைத்தேன், கடித்துக் குதறிவிட்டது. கஸ்டமர் துணி.

கத்தினேன். அவரும் கத்தினார். கத்திரிக்கோல் என்ன பெரிய கத்திரிக்கோல் என்றார். என் பட்டறைச் சாமான் வைக்க இடம் தருகிறாயா என்றார், வீடு முழுக்க உன் ஊக்கும் ஊசியும்தான் என்றார். உங்க மீன் வாடையில கஸ்டமர் ஓடுறாங்க என்றேன். நேத்து வெச்ச குழம்பு வாயில வெக்க முடியல என்றார். வாயில வெக்க முடியாததை ரெண்டு தடவை ஊத்திக்கிட்டீங்களே என்றேன். வசந்தா பையை எடுத்துக்கொண்டு சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். எதிர் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள். கதவை அறைந்து சாத்திவிட்டு, சாப்பிடாமல், டப்பாவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். அந்தக் கதவையும் அறைந்தார். தெர்மாகோல் கதவு, சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவையும் அறைந்து பார்த்தார்.

இந்தப் பதினெட்டு வருஷத்தில் எங்களுக்குள் இது முதல் சண்டை. லீவில் வந்தவரோடு யார் சண்டை போடுவார்கள்? இரண்டு மாசம் இருப்பார், அதில் ஒரு நாளைக் கோபத்துக்குக் கொடுக்க மனசு வராது. குழம்பு பிடிக்காவிட்டாலும் அவர் சொல்லமாட்டார், எனக்கு ஆத்திரம் வந்தாலும் காட்டமாட்டேன். அப்படியே வந்தாலும் சாயங்காலத்துக்குள் நானே போய்ச் சமாதானம் பேசிவிடுவேன். பெட்டி கட்டுகிற நாள் வந்துவிடுமே என்று பயம்.

சோற்றை மூடி வைத்திருக்கிறேன். பசித்தால் வந்து போட்டுச் சாப்பிடட்டும், வழி தெரியும். நான் போய்க் கூப்பிடமாட்டேன். நாளைக்கும் பேசப்போவதில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும்கூட இழுப்பேன்.

அவசரம் என்ன?